பெடலுக்குள் புகுந்த காற்று



கவிதை எழுதத் தெரிந்த நண்பர்கள் கவிதை கொடுத்துவிட்டார்கள். ஜோக்ஸ் பக்கத்துக்கும் ஆள் இருக்கிறது. "நீ ஏதாவது அனுபவம் எழுதுடா" என்று மலர்க்குழுவில் சொன்னார்கள். அனுபவம் என்று எனக்கு இருப்பது ஒன்றுதான். அது எனக்குப் பெருமை தருவது அல்ல. ஆனாலும் ஜூனியர் தம்பிகளுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரம். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் தறிச்சத்தம் கேட்கும், இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆள் ரிக் வண்டியில் வெளி மாநிலத்தில் இருப்பார். என் அப்பா இரண்டாவது வகை. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கில் இருபது வருஷமாக வேலை. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டி போகும் இடமெல்லாம் போவார். மூன்றாவது வரைதான் படித்தவர். அம்மா தறிக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் மின்விசிறி சுற்றாவிட்டாலும், மிக்ஸி புகைந்தாலும், கியாஸ் புத்தகத்தில் ஏதாவது எழுதியிருந்தாலும் "அவன வரச்சொல்லு, படிச்சவன்" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிப் பழகிவிட்டேன். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், பழைய அம்பாசடர் ஒன்று இருக்கிறது. 2014-ல் அந்தக் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனால் மாமாவுக்கு அதன் மேல் உயிர். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உள்ள பழைய மாடல். முந்தின வருஷம் ஆடி மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போய்விட்டு இறங்கும்போது ஒரே கருகல் வாடை. காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்குவதற்குள் பிரேக் பிடிமானம் குறைந்து, கல்லை வைத்து நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு இறங்கினார்களாம்.

டிரம் பிரேக்கில் அப்படி நடக்கும். லைனர் உள்ளுக்குள் உரசி, சூடு வெளியே போக வழியில்லாமல், டிரம்மே விரிந்து லைனரை விட்டு விலகும். டிஸ்க் பிரேக்கில் தட்டு திறந்தவெளியில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். 1953-ல் பிரான்சில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் ஜெயித்ததற்கு அதன் டிஸ்க் பிரேக் முக்கியக் காரணம் என்று வகுப்பில் படித்தோம். அதைத்தான் மாமாவிடம் எடுத்துவிட்டேன்.

"மாமா, முன்னாடி ரெண்டு வீலுக்கும் டிஸ்க் போட்டுட்டா கொல்லிமலை என்ன, இமயமலையே போலாம்ங்க."

மாமா நம்பிவிட்டார். பின்னாளில் வந்த அம்பாசடர் ஒன்றைப் பழைய வண்டி பிரிக்கும் இடத்தில் பார்த்து, டிஸ்க், காலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் செட்டாக வாங்கி வந்தார். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து வாங்கச் சொன்னது எங்கள் ஆட்டோமொபைல் சார். டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் சின்னது. காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்தால் அது பத்தாமல் போகலாம். இது முக்கியமான விஷயம், தம்பிகள் குறித்துக்கொள்ளவும்.

நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வேலையை முடித்தோம். ரப்பர் சீல், ஓஸ், செம்பு வாஷர் எல்லாம் புதிது. வீல் மாட்டினோம். ஆயில் ஊற்றினோம். பெடலை மிதித்தேன். பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி 'பொத்' என்று உள்ளே போனது.

இதற்கு வைத்தியம் எங்களுக்குத் தெரியும். பெயர் ப்ளீடிங். முதல் வருஷம் அந்த வார்த்தைக்கு அகராதியில் அர்த்தம் பார்த்து, "ரத்தம் கசிதல்" என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, காருக்கு ஏது ரத்தம் என்று விழித்தவன் நான். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். லைனுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை ஆயிலோடு சேர்த்து வெளியேற்றுவதுதான் ப்ளீடிங்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம்மூர் வண்டியில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் முதலில் பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. நிப்பிளில் ஒரு டியூபைச் சொருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கிவைக்க வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முதலில் பெடலை விட்டால் வெளிக்காற்றை அதுவே உறிஞ்சிவிடும். மேலே உள்ள டப்பாவில் ஆயில் வற்றவும் விடக்கூடாது.

"அமுத்து... பிடி... விடு." இப்படியே இருட்டும் வரை செய்தோம். நாலு சக்கரத்திலும் குமிழி இல்லாமல் ஆயில் வந்தது. ஆனால் பெடல்? இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் மேலே வருகிறது. விட்டுவிட்டு மிதித்தால் மறுபடியும் பஞ்சு.

மாமா கேட்டார்: "என்ன மாப்ளே, சரியா இருக்குதா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது "எனக்குத் தெரியலைங் மாமா" என்ற மூன்று வார்த்தை. மாமா ஒன்பதாயிரத்துச் சொச்சம் செலவு செய்திருக்கிறார். திண்ணையில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "புது பிரேக் அப்படித்தாங் மாமா இருக்கும். ஓடஓடச் செட் ஆயிடும். சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆடி 18-க்கு நாலு நாள் இருந்தது. மழைக்காலத்தில் வடக்கே ரிக் ஓடாது என்பதால் அப்பாவும் ஊருக்கு வந்திருந்தார். சாயங்காலம் மாமா வண்டியை எடுத்தார். நான் முன்னால், அப்பா பின்னால். வையப்பமலை போகும் ரோட்டில் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று பக்கத்துச் சந்திலிருந்து ஒருவர் மொபெட்டில் நூல் மூட்டையை வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார். மாமா பிரேக்கை மிதித்தார். பெடல் கீழே போய்விட்டது. வண்டி நிற்கவில்லை.

"மாமா, இன்னொருக்கா மிதிங்க!" என்று கத்தினேன். இரண்டாவது மிதியில் பிடித்தது. மொபெட்டுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அந்த மனிதர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் மூட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மாமா வண்டியை ஓரம் கட்டினார். அவர் கை நடுங்கியது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் கட்டிலில் படுத்திருந்த அப்பா கூப்பிட்டார்.

"கண்ணு, அந்த பெடல் சரியில்லீன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியுமுங்கப்பா. ஏன்னுதான் தெரியல."

"அப்பறம் ஏஞ்சாமி சரியா இருக்குதுன்னு சொன்ன?"

பதில் இல்லை. அப்பாவே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ரிக்குல கம்ப்ரஸர் ஓஸுக்குச் சேப்டி சங்கிலி கட்டுவோம். ஜாயின்ட் கழண்டா அந்த ஓஸு பாம்பாட்டம் துள்ளி ஆள அடிச்சுப் போடும். புதுசா வர்ற பசங்ககிட்ட, ஜாயின்ட் டைட்டான்னு கேப்பேன். டைட்டுதாங்கறவன நான் போயி ஒருக்கா பாப்பேன். தெரியலீங்கன்னு சொல்றவனுக்குச் சொல்லிக் குடுப்பேன். எனக்கு ரெண்டாவது ஆளத்தான் புடிக்கும். நீ படிச்சிருக்கறதால எல்லாம் தெரியோணும்னு நாங்க கேக்கல. தெரியலீன்னா எங்க போயிக் கேக்கறதுன்னாவது உனக்குத் தெரியும். எங்களுக்கு அதுவும் இல்லீல்ல?"

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாஸ்கல் விதி எல்லோருக்கும் தெரியும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டு சொன்னது 1921-ல் டியூசன்பர்க் காரில் நாலு சக்கர ஹைட்ராலிக் பிரேக்காக ரோட்டுக்கு வந்தது. ஆயில் அமுங்காது என்பதை நம்பித்தான் அது வேலை செய்கிறது. காற்று அமுங்கும்.

உதாரணத்துக்கு, மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 19 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது தள்ளக்கூடிய மொத்த ஆயில் சுமார் 8.5 சி.சி.தான். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்றால் பெடல் நகரும் தூரம் 120 மி.மீ. முன் காலிப்பர் ஒவ்வொன்றிலும் 2 சி.சி. காற்று, ஆக 4 சி.சி. மாட்டிக்கொண்டால், பிரேக் அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட முழுவதும் அமுங்கிவிடும். அதை அமுக்கவே பிஸ்டன் 14 மி.மீ. போக வேண்டும். பெடலில் அது 56 மி.மீ. ஏறக்குறைய பாதிப் பெடல் காற்றுக்கே போய்விடுகிறது! ஒரு டீஸ்பூன் கூட நிறையாத காற்று ஒரு ஆளைக் கொன்றிருக்கும். அதைக் கணக்கில் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மறுநாள் கல்லூரியில் சாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போர்டில் வரிசையாக எழுதினார். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பூஸ்டரைப் பார். அடுத்தடுத்து மிதித்தால் மேலே வருகிறது என்றால் காற்று இருக்கிறது, அல்லது பின் டிரம் லைனர் இடைவெளி அதிகம். "முதல்ல பின் டிரம்மை அட்ஜஸ்ட் பண்ணு. அப்புறம் காத்து எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடு. காத்துக்கு ஒரு குணம் இருக்கு, அதை யோசி" என்றார். மீதியைச் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பின் டிரம்களை அட்ஜஸ்ட் செய்தேன். பெடல் கொஞ்சம் மேலே வந்தது. ஆனாலும் பஞ்சுதான். மறுபடி முன் சக்கரத்தைக் கழற்றி ப்ளீடிங் ஆரம்பித்தேன். மாமா பெடலில். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் பேசாமல் பார்த்தவர் கேட்டார்:

"கண்ணு, இந்தக் காத்து வெளிய போற நிப்பிளு எதுக்குக் கீழ இருக்குது?"

"அது அப்படித்தானுங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். முந்தின நாள்தான் ஒரு 'அப்படித்தான்' சொல்லியிருந்தேன்.

"கெணத்துலருந்து காட்டுக்குப் பைப் லைன் போட்டா ஏர் வால்வ மேட்டுலதான வெப்பாங்க? பள்ளத்துல வெச்சா தண்ணிதான் வரும், காத்து மேலயே நிக்கும். போர் போடறப்ப பாக்கறேனே, காத்து எப்பவும் மேலதான் வழி தேடும்."

எழுந்து அந்தப் பக்கச் சக்கரத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் நிப்பிள் கீழே. ஆயில் ஓஸ் வரும் ஓட்டை மேலே. அப்போதுதான் புரிந்தது. இடது காலிப்பரை வலதிலும், வலது காலிப்பரை இடதிலும் மாட்டியிருக்கிறேன்! இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், போல்ட்டும் அழகாகப் பொருந்தும், பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம், நிப்பிள் தலைகீழாகிவிடும். நாங்கள் எத்தனை பாட்டில் ஆயில் எடுத்தாலும் கீழே உள்ள ஆயில்தான் வந்தது. காற்று காலிப்பரின் உச்சியில் சுகமாக உட்கார்ந்திருந்தது. குமிழி இல்லாமல் வருகிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டதும் அதனால்தான்.

செல்போனில் பார்த்த வீடியோவில் இது இல்லை. புத்தகத்தில் இருந்திருக்கிறது. பிறகு தேடியபோது ஒரே வரியில் இருந்தது. நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இரண்டு காலிப்பரையும் இடம் மாற்றினோம். செம்பு வாஷரை மறுபடி புதிதாகப் போட்டோம். புது டப்பா டாட் 4 பிரேக் ஆயில் உடைத்தோம். பாதி மிச்சமிருந்த பழைய டப்பாவை நான் எடுக்கவில்லை. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் அளவுகோல் 155 டிகிரிதான். மலை இறங்கும்போது ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், அதுவும் காற்று மாதிரியே அமுங்கும், பெடல் மறுபடி பஞ்சாகிவிடும். முந்தின வருஷம் மாமா வண்டியில் டிரம் சூட்டோடு இதுவும் சேர்ந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொன்று, இந்த ஆயில் பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

நிப்பிள் மேலே வந்த பிறகு முதல் தடவை திறந்தபோது பாட்டிலில் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது பாருங்கள்! மாமா உள்ளேயிருந்து, "மாப்ளே, கல்லாட்டம் நிக்குது!" என்று கத்தினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைக்க எழுந்தார். "ஆயில் இருக்குதுங்கப்பா, தள்ளிப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே தள்ளிப் போனார்.

மாமா வழக்கம்போல் கேட்டார்: "இப்ப சரியா இருக்குதா?"

"பாத்துட்டுச் சொல்றனுங் மாமா" என்றேன்.

என்ஜின் போடாமல் பெடலை ஐந்தாறு தடவை மிதித்து, பிறகு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். இறங்கவில்லை. அழுத்தியபடியே என்ஜின் போட்டேன். பெடல் லேசாக இறங்கி நின்றது, பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காகிதத்தால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஆள் இல்லாத காட்டுப் பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்துத் தடவை, பிறகு 40-ல் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தோம். மறுநாள் காலையில் சார் சொன்ன மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டி, அவரும் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மாமாவிடம் "சரியா இருக்குங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது.

ஆடி 18 அன்று கொல்லிமலை போய் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். பிரேக்கை நம்பி டாப் கியரில் இறங்கக்கூடாது, இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும் என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். முன் சீட்டில் அப்பா. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்துவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அங்கே பெடல் கிடையாது, ஆனாலும் அழுத்தினார். முப்பதாவது வளைவோ என்னவோ, கால் அழுத்துவது நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா தூங்கிவிட்டார். எந்தப் பரீட்சை மார்க்கும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

நண்பர்களே, வீட்டுக்கு முதல் படிப்பாளியாக வந்தவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறோம். நம் வீட்டில் நம்மை எல்லாம் தெரிந்தவன் என்று நினைப்பார்கள். அதைக் காப்பாற்றுவதற்காகத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் பிரேக் விஷயத்தில் வேண்டவே வேண்டாம். மேலே மூடி வைத்துக்கொண்டு கீழே எவ்வளவு திறந்தாலும் காற்று போகாது. என் மண்டையில் இருந்த காற்றுக்கும் அதே விதிதான். அதற்கு வழி எங்கே இருக்கிறது என்று காட்டியவர் மூன்றாவது வரை படித்த என் அப்பா.



— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு, மல்லசமுத்திரம்